அலைக்குளத்தில் விசிலுக்குத் தடை

அனுப்புநர்:
மோ. குமாரி,
ஆரியங்கோடு,
நெய்யாற்றின்கரை தாலுகா.

பெறுநர்:
தாசில்தார் அவர்கள்,
தாலுகா அலுவலகம்,
நெய்யாற்றின்கரை.

பொருள்: மீண்டும் திறந்த நீர் விளையாட்டுப் பூங்காவின் அலைக்குளத்தைக் குடியரசு நாள் விடுமுறைக்கு முன் ஆய்வு செய்யவும், உயிர்காப்பாளர் ஜிதினை மீண்டும் பணியில் அமர்த்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கொரோனா பொதுமுடக்கத்துக்குப் பின் எங்கள் பகுதியிலுள்ள பூங்கா கிறிஸ்துமஸை ஒட்டித் திறந்தது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்த என் மகன் ஆதித்யன் (மூன்றாம் வகுப்பு) அழுததால் கூட்டிப் போனேன். வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், பாதிப் பேரைத்தான் உள்ளே விட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2. ஆனால் எச்சில் தெறிக்கும் என்று அலைக்குளத்து உயிர்காப்பாளர்களிடமிருந்து விசிலை வாங்கிவிட்டிருந்தார்கள். அன்று முகக்கவசத்தோடு நின்றவர் பொழியூர் ஜிதின். அலை எழும்பியபோது ஆதித்யன் கால் தவறி மூழ்கினான். ஜிதின் கத்தியது, கண்ணாடி அறைக்குள் அலை இயந்திரத்தை இயக்கியவருக்கு எட்டவில்லை. அலை நிற்கவில்லை. முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் குதித்தார். கரையில் கிடத்தியபோது பிள்ளைக்கு மூச்சில்லை. வாயோடு வாய் வைத்து ஊதினார். என் மகன் இருமினான்.

3. மறுநாள் மருத்துவமனையில் ஆதித்யனுக்குக் கொரோனா என்றார்கள். சில நாளில் ஜிதினுக்கும் வந்து, ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போனது. என் மகன் இப்போது ஓடி விளையாடுகிறான். ஜிதின் வீடு திரும்பியும் படியேறினால் மூச்சு வாங்குகிறார். அவருடைய தாயார் ஆனந்தபாய் ஃபோனில் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை சாப்பிடுகிறானா என்றுதான் கேட்டார். இடைவெளி விதியை மீறினார், முகக்கவசத்தைக் கழற்றினார் என்று பூங்கா ஜிதினை வேலையிலிருந்து நீக்கிவிட்டது.

4. அவருக்காகப் பேச, போன வாரம் பூங்காவுக்குப் போனேன். மேலாளர் பார்க்க மறுத்தார். ஜிதின் நின்ற இடத்தில் நிற்கும் புதியவரிடம், ஒரு பிள்ளை முங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கயிறு எறிஞ்சு குடுக்க மட்டும்தான் சொல்லியிருக்கு அக்கா. தண்ணியில சாடினா ஜிதினுக்கு வந்த கெதிதான் எனக்கும். எனக்கும் வீட்டில ஆளு உண்டு."
முங்கிய பிள்ளை கயிற்றைப் பிடிக்காது, ஐயா.

5. பூங்காவை மூடச் சொல்லவில்லை. எங்கள் ஊரார் பலருக்கு அதுதான் பிழைப்பு. அலையை நிறுத்தும் சுவிட்சைக் குளக்கரையில் வைக்கவும், விசிலுக்குப் பதில் மின்சார ஹாரன் தரவும், உயிரைக் காப்பவர் மேல் விதிமீறல் நடவடிக்கை கூடாது என எழுத்தில் உத்தரவிடவும், ஜிதினுக்கு வேலையும் சிகிச்சையும் கிடைக்கச் செய்யவும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அலைக்குளத்தையாவது நிறுத்தி வைக்க வேண்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை விடுமுறை. எங்கள் தெருவில் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேன் பேசிவிட்டார்கள். வேண்டாம் என்றால், உன் பிள்ளைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள். நான் சொல்லி அந்தப் பயணம் நிற்கவில்லை. தாங்கள் சொன்னால் நிற்கும். அதற்குள் ஒருமுறை நேரில் வந்து அந்தக் கரையில் நின்று பாருங்கள்.

இடம்: ஆரியங்கோடு
நாள்: 20.01.2021

பணிவுடன்,
மோ. குமாரி
(ஆதித்யனின் தாய்)