அய்யாவு படத்துக்கு விளக்கு

குவைத்
10.8.2025

அன்புத் தங்கை நாகரத்தினத்துக்கு,

ஜாபிர் அண்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் உன் மகள் ஆர்த்தியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் இதையும் கடிதத்திலேயே எழுதுகிறேன்.

ஊருக்கு உழைத்து மறைந்த உறுப்பினர்கள் பெயரில் நம் நண்பர்கள் மன்றம் வருடாவருடம் படிப்பு உதவித்தொகை கொடுக்கிறதல்லவா? இந்த வருடம் உன் புருஷன் அய்யாவு பெயரில். ஏழு வருடத்துக்கு முந்தைய புயல் ராத்திரியில் தன் படகைப் போட்டு, அலையாத்திக் காட்டோரக் குடிசை ஜனங்களைக் கரைசேர்த்தவனை விட்டால் வேறு யார்? நவம்பரில் விழா. அவன் படத்துக்கு நீதான் விளக்கேற்ற வேண்டும். நானும் லீவு கேட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஜாபிர்

முத்துப்பேட்டை
2.9.2025

ஜாபிர் அண்ணனுக்கு வணக்கம்.

ஆர்த்தி சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். பேச ஆளில்லாமல் பூனையோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மரியாதை தெரியாது, பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுகிறது.

பஸ் ஸ்டாண்டில் மன்றத்துப் பேனர் நிற்கிறது. அதில் அவர் படத்துக்கு மாலை. மீன் ஏலத்தில் ஒருத்தி, "என்னக்கா, அங்க மாலை போட்டு வச்சிருக்காங்க, நீ இன்னும் பூ வச்சிட்டு வர்ற?" என்று கேட்டாள். கூடையைப் போட்டது போட்டபடி வந்துவிட்டேன்.

உடைந்த படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லையே அண்ணே. ஏதாவது கப்பல்காரன் ஏற்றிக்கொண்டு போயிருப்பான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அங்கே துறைமுகத்தில் விசாரித்தீர்களா? உதவித்தொகையைக் கொடுங்கள், பிள்ளைகள் படிக்கட்டும். விளக்கு மட்டும் வேண்டாம். அவர் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

நாகரத்தினம்

குவைத்
26.9.2025

தங்கச்சி,

பேனரை எடுக்கச் சொல்லிவிட்டேன். யாரும் யோசிக்கவில்லை, மன்னித்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை இங்கே துறைமுகம் போனேன். நம் பக்கத்து மாலுமி ஒருவர், "அந்தக் காத்து அடிச்ச ராத்திரி அந்தக் கடல்ல கப்பலே இல்ல பாய். இனிமே வந்து கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். இனிக் கேட்க எனக்கு ஆளில்லை.

அவன் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். போய் நிற்க அவனைப் புதைத்த ஒரு கப்ருகூட இல்லை. இங்கே ரூமில் எட்டுப் பேர் இருக்கிறோம், அவனைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஊரில் எல்லோரோடும் உட்கார்ந்து ஒருமுறை அழ வேண்டும் என்றுதான் விழாவுக்கு அவசரப்பட்டேன். மற்றது உன் இஷ்டம்.

ஜாபிர்

முத்துப்பேட்டை
18.11.2025

அண்ணே,

உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று மன்றத்தில் சொன்னார்கள். நானும் போவதாக இருக்கவில்லை. விழா அன்று காலையில் சுமையா என்ற பெண் வீடு தேடி வந்தாள். உதவித்தொகை வாங்கப்போகிறவள், நர்சிங் சேர்ந்திருக்கிறாள். புயலில் சிறுபிள்ளையாக அவர் படகில் வந்தவளாம்.

"எங்களை எறக்கிவிட்டுட்டு மாமா திரும்பப் படகை எடுத்தாங்க. எங்க அத்தா, 'காத்து ஏறுது, போவாதீங்க'ன்னு கையப் புடிச்சிக்கிட்டாங்க. 'கூரை மேல இன்னும் ஆளு நிக்கிது பாய்'னுட்டு கைய உதறிட்டுப் போனாங்க" என்றாள்.

என்னிடம் இதை ஒருவரும் சொன்னதில்லை. கடல் அவரைக் கொண்டுபோனது என்றே இருந்தேன். அவராகத்தான் போயிருக்கிறார். கூரை மேல் நின்றவர்களை நினைத்தவர் என்னை நினைக்கவில்லையே என்று கோபம் வந்தது. பிறகு அழுதேன். அந்தப் பெண் என் கையை விடவே இல்லை.

அவளோடு போனேன். படத்துக்கு மாலை போடாமல் வைத்திருந்தார்கள். விளக்கேற்றினேன். உங்களுக்காகவும் ஒரு திரி போட்டேன். என் தலையிலிருந்த பூவை எடுத்து நானே படத்துக்கு வைத்துவிட்டு வந்தேன்.

இத்தனை நாளும் உங்கள் கடிதம் வந்தால், அவரைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று வாசலிலேயே நின்று பிரிப்பேன். இனி அதில் உங்கள் சேதி மட்டும்தான் இருக்கும். எனக்கு அது பழக வேண்டும்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதீர்கள் அண்ணே.

நாகரத்தினம்