சந்நிதிக்கென்று சொல்லிப் போன காலைகள்

12.02.2024, திங்கள்

இன்று காலை பாலேஸ்வரி கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. என்னுடைய மானம்தான் இரண்டு மூன்று இடத்தில் முறிந்தது.

ஓடிப்போய்க் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினேன். பாதி எழும்பினாள். அந்த நேரம் பார்த்து என் முழங்கால்கள் இரண்டும் தங்களுக்குள் கதைத்து முடிவெடுத்ததுபோல மடிந்தன. பொத்தென்று நானும் அவளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். ஈரச் சீமெந்தில், கலியாண வீட்டுப் பந்திக்கு வந்தவர்கள்போல இரண்டு பேரும் வரிசையாக இருந்தோம்.

"இப்ப ஆர் ஆரைத் தூக்கிறது?" என்று கேட்டாள்.

கடைசியில் பக்கத்து வீட்டுச் சுபாஸ்கரனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பல் தீட்டிக்கொண்டு நின்றவன், பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே வந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். பிறகு என்னையும்.

பின்னேரம் கனடாவிலிருந்து மகள் துஷாந்தினி கோல் எடுத்தாள். "பெடியன் என்னைப் பஞ்சு மாதிரித் தூக்கினான் பிள்ளை. உன்ரை கொப்பர் துணைக்கு வந்து பக்கத்திலை குந்தினவர்" என்று இவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழும்பி வளவுக்குப் போய், தென்னைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

13.02.2024, செவ்வாய்

இவ்வளவு காலம் பஸ் ஓட்டினவன். ஊரையே ஏற்றி இறக்கினவன். வீட்டிலை ஒரு ஆளை நிமித்த ஏலாமல் போச்சே.

19.02.2024, திங்கள்

நெல்லியடியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஜிம் இருக்கிறது. படியேறி முடியவே மூச்சு வாங்கியது. அங்கே பயிற்சி கொடுக்கிற பெடியன் கெல்வின் என்னைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டான்.

"மகனைத் தேடியோ அங்கிள் வந்தனீங்கள்?"

"இல்லைத் தம்பி. சேர வந்தனான்."

அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு சாரத்தைப் பார்த்தான். "சாரத்தோடை ஏலாது அங்கிள்." அதையும் யோசித்துத்தான் வந்திருந்தேன். மகள் அனுப்பிய நீளக் காற்சட்டை உள்ளே இருந்தது. மடிப்புக் குலையாமல் அலுமாரியில் கிடந்த சாமான்.

சுற்றிவரக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வயிறு முதலில் வருகிறது, அதற்குப் பின்னால் ஒரு கிழவன் வருகிறான். ஓட்டின பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தேன். அதில் இருந்து இருந்து வளர்த்த வயிறு மட்டும் பென்சனோடு கூட வந்துவிட்டது.

இரும்பு தூக்கத் தருவான் என்று பார்த்தால், முதல் இழுத்துப் போட்ட அதே கதிரையைக் காட்டினான். "கையூண்டாமல் எழும்புங்கோ. திருப்பி இருங்கோ. திருப்பி எழும்புங்கோ." இருப்பதில் ஒரு குறையும் இல்லை. எழும்புவதில்தான் பிரச்சினை.

இனி எழுத வெட்கமான பகுதி. வெளிக்கிடும்போது இவள் கேட்டாள்: "விடியக் காலமை எங்கை?" வாயில் வந்த முருகன் கோயிலைச் சொன்னேன்: "சந்நிதிக்கு."

கோயிலுக்குப் போவென்றால் சப்பாத்துக் கடிக்கிறது என்று சொல்கிற ஆள் நான். அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தாள். "இப்பதான் இந்த மனுசன்ரை கண்ணைத் திறந்தியோ?" என்று அவரிடம் கேட்டாள். அதற்குப் பிறகு எப்படித் திருப்பிச் சொல்வது?

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். 'உன்னைத் தூக்கப் பழகப் போகிறேன்' என்றால், அவள் பாரம் என்று சொன்னதாகும். நான் பலமில்லாதவன் என்று ஒத்துக்கொண்டதாகவும் ஆகும். இரண்டும் உண்மை. இரண்டையும் வாயால் சொல்ல ஏலாது.

திரும்பி வரும்போது ஜிம் கண்ணாடியில் பார்த்துத் திருநீறு பூசினேன். வியர்வையில் அது சுண்ணாம்புபோலப் பிடித்துக்கொண்டது.

24.02.2024, சனி

மத்தியானம் சோற்றுக் கோப்பையில் பூசணிக்காயும் பருப்பும். மீன் எங்கே என்று கேட்டேன்.

"சந்நிதிக்குப் போற மனுசனுக்கு மச்சம் காய்ச்சலாமோ?"

மீன்சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள். கெல்வின் சொன்னது நேற்றுத்தான்: "வயது போகப் போக முட்டை, மீன் எல்லாம் கூடச் சாப்பிட வேணும் அங்கிள். இல்லாட்டித் தசை கரைஞ்சு போயிடும்." காலையில் இரும்பு, மத்தியானம் பூசணிக்காய். என்ரை பொய் என்னையே வந்து கடிக்குது.

அதைத் தாங்கலாம். அவளும் மீன் தொடுவதில்லையாம். "உங்கடை முழங்காலுக்காகத்தான் நானும் விரதம் பிடிக்கிறன்" என்றாள். ஓரா மீன் தலையை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

15.03.2024, வெள்ளி

நெற்றி நிறையத் திருநீறு. கையில் அவிச்ச முட்டை. வெள்ளிக்கிழமை. பஸ் நிலையத்தடித் தேத்தண்ணிக் கடை.

கடைக்காரர் நெற்றியைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், உப்பும் மிளகும் எடுத்து வைத்தார். இரண்டாவதை உரிக்கும்போது சுபாஸ்கரன் வந்து நிற்கிறான்.

"என்ன மாமா, சந்நிதியிலை இப்ப இதுவோ பிரசாதம்?"

"டொக்டர் சொன்னவர்."

"மாமிக்குச் சொல்லமாட்டன், பயப்பிடாதேங்கோ."

அவள் என்னை நம்புகிறாள். இவன் எனக்காகப் பொய் சொல்லப் போகிறான். முட்டையைத் திருப்பி வைக்கப் பார்த்தேன். ஆனாலும் விழுங்கினேன், அதுதான் கேவலம்.

02.04.2024, செவ்வாய்

கடையில் வாங்கிய அரிசி மூட்டையை நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். முதுகை வளைக்காமல், முழங்காலை மடித்து, மூட்டையை நெஞ்சோடு அணைத்து — கெல்வின் காட்டியபடியே. ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

"எவ்வளவு தூக்க வேணும் எண்டு உங்களுக்கு ஆசை அங்கிள்?" என்று கெல்வின் கேட்டான்.

"ஒரு ஆளளவு."

"எந்த ஆள்?"

தண்ணீர் குடிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில், "நிமிர்ந்து நடக்கிறியள். முருகன் கைவிடேல்லை" என்று இவள் தேங்காய் உடைத்தாள். பாடுபடுவது நான், தேங்காய் அவருக்கு. அந்தத் தேங்காயைத் துருவ அவளால் ஏலாது. விழுந்த நாளிலிருந்து நிலத்தில் இருக்கப் பயம். திருவலையைச் சுவரோடு சாத்திவிட்டாள். அதில் குந்தினால் பிறகு ஆர் எழுப்புவது என்று கேட்கிறாள். சுபாஸ்கரனுடைய தாய்தான் துருவி அனுப்புகிறா.

கொஞ்சம் பொறு பாலேஸ். இன்னும் கொஞ்ச நாள்.

26.04.2024, வெள்ளி

என்ரை பிறந்தநாள். இனி இந்தத் தேதியைக் கண்டாலே தலை குனியும்.

வழக்கம்போலத் திருநீறோடு வந்தன். அவள் கதிரையிலை இருக்கிறாள், நல்ல சீலை உடுத்தபடி. மடியிலை அர்ச்சனைத் தட்டு.

"இண்டைக்குச் சந்நிதியிலை சனமோ?"

"ஓம், நல்ல சனம்" எண்டன். வெள்ளிக்கிழமை, சனம் இருக்கும்தானே. என்ன கெட்டித்தனம்!

"எனக்கு ஒரு இடத்திலையும் உங்களைக் காணேல்லை."

பிறந்தநாளுக்கு என்ரை பேரிலை அர்ச்சனை செய்வம், எனக்கும் சொல்லாமல் வந்து நிப்பம் எண்டு, தொண்டைமானாறு வரைக்கும் ஓட்டோ பிடிச்சுப் போயிருக்கிறாள். கோயில் வீதி சுத்தித் தேடியிருக்கிறாள். பிறகு மடத்திலை நிலத்திலை இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நிலத்திலை!

"விழுந்தாப் பிறகு நான் நிலத்திலை இருக்கேல்லை, தெரியும்தானே. நீங்கள் வந்து கையைத் தருவியள் எண்டுதான் இருந்தனான்."

எழும்ப ஏலாமல் போச்சுதாம். முன்பின் தெரியாத இரண்டு பெடியள் வந்து தூக்கிவிட்டவங்களாம்.

"'அம்மா, தனியவோ வந்தனீங்கள்?' எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டன். மனுசன் இஞ்சை எங்கையோதான் நிக்கிறார் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது."

எதுக்காக இவ்வளவு நாளும் போனனோ, அதே காரியம் — அவளைத் தூக்கிறது — நான் போனதாலை ஆரோ செய்ய வேண்டி வந்தது.

அர்ச்சனைத் திருநீற்றை நீட்டினாள். நெற்றியில் இடம் இருக்கவில்லை.

27.04.2024, சனி

பேச்சில்லை. பூசணிக்காய்.

05.05.2024, ஞாயிறு

சுபாஸ்கரனோடு திரிகிறேன், சீட்டு விளையாடுகிறேன், இன்னும் என்னென்னவோ எல்லாம் நினைத்திருக்கிறாள். இன்று சொல்லிவிட்டேன். கதிரை, கண்ணாடி, இரும்பு, முட்டை — முட்டையைக் கடைசியாகச் சொன்னேன்.

"உன்னைத் தூக்கத்தான்."

"நான் என்ன சீமெந்துப் பையோ?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எனக்குத் தூக்கிற ஆள் தேவையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? நீங்கள் பென்சன் எடுக்கப் போனால் நான் நிலத்திலை கிடந்து பார்த்துக்கொண்டிருக்கிறதோ? எனக்கு என்ரை பாட்டிலை எழும்ப வேணும். அதைப் போய் நீங்கள் மட்டும் களவாப் படிச்சிட்டு வந்திருக்கிறியள். வயசு உங்களுக்கு மட்டுமோ போகுது?"

இந்த யோசனை எனக்கு ஒரு நாளும் வரவில்லை. எவ்வளவு இரும்பு தூக்கினேன். இது வரவில்லை.

13.05.2024, திங்கள்

பாலேஸ்வரி சீலைக்குச் சப்பாத்துப் போட்டுப் படியேறினாள். பாதிப் படியில் நின்று இளைப்பாறினாள். நானும் நின்றேன், எனக்குத் தேவையில்லாவிட்டாலும். சரி, கொஞ்சம் தேவைதான்.

"அன்ரி, கையூண்டாமல் எழும்புங்கோ" என்று கெல்வின் அதே கதிரையைக் காட்டினான். மூன்று தரம் எழும்பியதோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"அங்கிள் முதல் நாள் இதிலை பாதிதான் செய்தவர்" என்றான் அந்தப் பாவி.

பின்னேரத்துக்குள் கனடா முழுக்கத் தெரிந்துவிட்டது.

மீனைப் பற்றி மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "நீங்கள் போனதுதான் பொய். நான் பிடிச்ச விரதம் பொய்யில்லை. அது முடியிற அண்டைக்கு முடியும்." எப்போது முடியும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

08.06.2024, சனி

கெல்வின் அவளை நிலத்திலிருந்து எழும்பப் பழக்குகிறான். ஒருக்களித்து, ஒரு முழங்கால், பிறகு மற்றக் கால். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கை கொடுக்கப் போனேன். "விடுங்கோ" என்றாள். கெல்வினும் "விடுங்கோ அங்கிள்" என்றான். விட்டேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

21.07.2024, ஞாயிறு

காலையில் தனியாகச் சந்நிதிக்குப் போய்வந்தேன். உண்மையாகத்தான். மடத்தில் அவள் இருந்த இடம் எதுவென்று தெரியாது. சும்மா ஒரு இடத்தில் இருந்தேன், கையூன்றாமல் எழும்பினேன், வந்துவிட்டேன். கும்பிட்டேனா என்று கேட்டால், வெட்கப்பட்டேன் என்றுதான் சொல்லலாம்.

படலையைத் திறக்கும்போதே மணம் வந்தது. நம்பவில்லை, சுபாஸ்கரன் வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். குசினிக்குள் எட்டிப் பார்த்தால் மீன்சட்டி பரணிலிருந்து இறங்கி அடுப்பில் இருக்கிறது. ஓரா.

பாலேஸ்வரி நிலத்தில் இருந்தாள். திருவலையில். முன்னால் கோப்பையில் வெள்ளைவெளேரென்று தேங்காய்ப்பூ. கடைசிப் பாதியைத் துருவி முடித்து, சிரட்டையை ஒரு பக்கம் வைத்து, முழங்காலில் கை வைத்தாள்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். முதுகை வளைக்காமல், முழங்காலை மடித்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

அவள் தன் பாட்டில் எழும்பினாள். தேங்காய்ப்பூக் கோப்பையையும் தானே எடுத்தாள்.

"அங்காலை நில்லுங்கோ. வெளிச்சத்தை மறைக்கிறியள்."