நானூறு வீடுகளில் அம்மா

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு, முகிலன் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சௌக்கியம்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வாசல் கதவைத் திறந்தால் பேசுகிற சின்ன புரோகிராம் ஒன்று எழுதியிருந்தேன். அம்மா தவறுவதற்கு முன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜிலிருந்து "சாப்டியா கண்ணு?" என்ற ஒரு வரியை மட்டும் அதில் வைத்தேன். மென்பொருள் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று ஆபீஸில் சண்டை போடுகிறவன் நான். அதனால் அதை இலவசமாக வெளியிட்டேன். அம்மாவின் குரலை எடுத்துவிட மறந்துபோனேன். இப்போது நானூறு வீடுகளில் அம்மா கேட்கிறாள். ஆளாளுக்குப் பிரதி எடுத்துவிட்டதால் திரும்பப் பெற வழியில்லை.

நார்வேயிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அங்குள்ள தமிழர்களிடம் அர்த்தம் கேட்டு, தினமும் "சாப்டேன்மா" என்று பதில் சொல்கிறாராம். போன வாரம் அம்மா வேறொன்று சொன்னாளாம். காதில் விழுந்ததை அப்படியே எழுதி அனுப்பினார்: "சன்னலச் சாத்து கண்ணு, பனி பெய்யுது." அவர் வீட்டுச் சன்னல் அப்போது திறந்துதான் கிடந்ததாம்.

அந்த வரி என்னிடம் இல்லை அப்பா. புரோகிராமை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வரிதான் இருக்கிறது என்கிறார்கள்.

என் வீட்டில் அவள் பேசி ஒன்பது நாளாகிறது.

அம்மாவின் பழைய போனைச் சார்ஜ் போட்டு, அவள் பேசியது எது இருந்தாலும் அனுப்புங்கள். மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். போனை மறந்துவிடாதீர்கள். இந்த முறை யாருக்கும் தர மாட்டேன்.

உங்கள்
முகிலன்