நாலாவது இடம்

அன்புள்ள அண்ணா,

பேசாமல் இருந்தது போதும். அம்மா இறந்த நாளிலிருந்து உங்களோடு பேசவில்லை. நீங்கள் இறந்த பிறகு உங்களைப் பற்றியும் யாரிடமும் பேசவில்லை. இப்போது உங்கள் தியானக் குழுவினர் நினைவு மலர் போடுகிறார்களாம். "தம்பி, நீங்களும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டுவிட்டார்கள். கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டுச் செய்தி. கோட்டுச்சேரி வீட்டு மாடியில் ஞாயிறு காலை இன்னும் கூடுகிறார்கள். செல்போனில் உங்கள் குரலைப் போட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொள்கிறார்கள். மகிழ்ச்சியை வெளியே தேடாதீர்கள், உள்ளே பாருங்கள் என்கிறீர்கள். அத்தனை பேருக்கும் அண்ணிதான் முட்டிவலியோடு சுக்குக் காப்பி தூக்கிக்கொண்டு படியேறுகிறார். உள்ளே பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவர்கூட எழுந்து வந்து அந்தத் தட்டை வாங்குவதில்லை.

போன வாரம் அங்கே போயிருந்தேன். குழுவில் ஓர் அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க அண்ணன் மொகத்துல ஒரு நாளும் கோவம் பாத்ததில்லீங்க. எப்படித்தான் அப்படி இருந்தாங்களோ!"

"கோவம் வர்ற வேலையெல்லாம் குரும்பகரத்துல நான் பாத்துக்கிட்டேங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அம்மா படுக்கையில் விழுந்து கிடந்ததெல்லாம் குரும்பகரத்தில், என் வீட்டில். புரட்டிப் படுக்க வைத்ததும், துடைத்துவிட்டதும், துணி அலசியதும் நானும் என் மனைவியும். நீங்கள் போனில் சொல்வீர்கள்: "சனிக்கிழமைன்னா திருநள்ளாறு கூட்டம்டா, பஸ்ல கால் வைக்க முடியல. ஞாயித்துக்கிழமை இங்க தியானம்." ஓய்வு பெற்ற வாத்தியாருக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று கிடையாதா அண்ணா?

அபூர்வமாக வந்தபோதும் அம்மாவின் கால்மாட்டில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "பெரியவனே, கொஞ்சம் தண்ணி குடுடா" என்றார் அம்மா. நீங்கள் கண் திறக்கவில்லை. கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்த நான் ஓடி வந்து கொடுத்தேன். அம்மா குடித்துவிட்டு, "அவன் சாமி கும்புடுறான், சத்தம் போடாத" என்றார். உங்களுக்கு அது காதில் விழுந்ததா?

அம்மாவை எடுத்த அன்று என் தோளில் கை வைத்தீர்கள். "எல்லாம் அநித்தியம்டா தம்பி. பிடிச்சுக்கிட்டிருந்தா துக்கந்தான்."

"நீங்க எப்ப பிடிச்சீங்க அண்ணே, விடுறதுக்கு?" என்று கேட்டேன். நாம் பேசியது அதுதான் கடைசி.

நானும் வரலாறு படித்தவன். உங்கள் புத்தரைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். நோயில் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவை மற்றவர்கள் திரும்பிப் பார்க்காதபோது, புத்தர் தாமே தண்ணீர் ஊற்றிக் கழுவிப் படுக்க வைத்தார். எனக்குச் செய்ய நினைப்பதை நோயாளிக்குச் செய்யுங்கள் என்று சீடர்களிடம் சொன்னார். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு இது நினைவுக்கு வரவே இல்லையா? மனம் வளர்வது என்றால் துர்நாற்றம் வராத இடத்தில் உட்கார்ந்து வளர்வது என்று யார் சொன்னார்கள்?

இதோடு நிறுத்தியிருப்பேன். அண்ணி சும்மா இருந்திருந்தால்.

போன வாரம் படியிறங்கி வந்தவர், "ஒங்க பேரச் சொல்லாம அவங்க ஒரு நாளும் தியானத்துலேருந்து எந்திரிச்சதில்ல தம்பி. நாலாவதா ஒங்க பேருதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்கு அந்தத் தியானத்தின் வரிசை தெரியாது. எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் நீங்களே சொல்லித் தந்தது. நன்றாக இருக்கட்டும் என்று முதலில் தன்னை நினைக்க வேண்டும். அப்புறம் பிரியமான ஒருவரை. அப்புறம் பழக்கமில்லாத ஒருவரை. நாலாவதாக, நம் மனம் ஏற்க மறுக்கும் பகையாளியை. அவரைத் தாண்டித்தான் எல்லா உயிர்களையும்.

நான் உங்கள் பகையாளியா அண்ணா? அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தவனா?

என் முகம் மாறியதை அண்ணி பார்த்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்: "அந்த எடத்துலதான் ரொம்ப நேரம் உக்காந்திருப்பாங்க. சில நாளு அதத் தாண்டவே மாட்டாங்க. கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுருவாங்க."

மாடியில் உங்கள் குரல் எல்லா உயிர்களும் இன்புற்றிருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எல்லா உயிர்களுக்கும் முன்னால் வழியை மறித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். ஒரு பஸ் ஏறி வந்து அந்தக் கண்ணீரை என் வீட்டில் விட்டிருக்கக் கூடாதா?

நேற்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா படுத்திருந்த அறையில்தான். உங்களை நாலாவது இடத்தில் வைத்துப் பழி தீர்ப்பதாகத் திட்டம். ஆனால் உங்கள் வரைக்கும் போகவே முடியவில்லை. நான் நன்றாக இருக்கட்டும் என்ற முதல் வரியே வாயில் வரவில்லை. இந்த வயது வரைக்கும் அதை எனக்கு நான் சொல்லிக்கொண்டதே இல்லை போலிருக்கிறது. கோபமாக எழுந்து, அண்ணியின் முட்டிக்குத் தைலம் வாங்கக் கடைக்குப் போனேன்.

உங்களை மன்னிக்கவில்லை. வாக்கு ஒன்று மட்டும் தருகிறேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காப்பித் தட்டை நான் தூக்குவேன். இறக்கி வைத்த பிறகு அந்த முதல் வரியைச் சொல்லிப் பார்ப்பேன். என்றைக்காவது உங்கள் இடத்துக்கு வந்து சேர்ந்தால், நானும் சீக்கிரம் தாண்டிப் போக மாட்டேன்.

இதை மலருக்குத் தபாலில்தான் அனுப்பப் போகிறேன், பெயர் போடாமல். யாரென்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்தான். ஆனாலும் பெயரைப் போட்டால் உங்கள் குழுவினர், பாவம் கோபக்காரர் என்று அவரவர் வரிசையில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது.

அந்த இடத்திலிருந்து,
உங்கள் தம்பி