இறங்கிப்போன தோடி

சிங்கப்பூர், ஞாயிறு, 14 ஆகஸ்ட் 1955

எரிச்சலில் தூக்கம் வரவில்லை. அப்பாவின் இசைத்தட்டு நண்பர்கள் இன்று மாலை வீட்டுக்கு வந்தார்கள். வழக்கம்போல ஒரே ராகத்தில் இரண்டு தட்டுகளைப் போட்டு, எது உசத்தி என்று போட்டி. இன்று தோடி. தோற்ற தட்டை ஜெயித்தவர் எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அவர்களாக வைத்துக்கொண்ட விதி. செம்பவாங் கப்பல்தளத்தில் வேலை செய்யும் ராஜு மாமா கொண்டுவந்தது ஒரு பாடகரின் தட்டு. எங்களுடையது, நான் தினமும் கேட்கும் பாடகியின் தட்டு.

கிராமபோனுக்குச் சாவி கொடுப்பது என் வேலை. நான் அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது அப்பா சாவி கொடுக்காமலே எங்கள் தட்டைப் போட்டுவிட்டார். பாதிக்கு மேல் தட்டு சுற்றும் வேகம் குறைந்து, குரல் மெல்ல இறங்கியது.

"பாடற அம்மாவுக்குச் சுருதி நிக்கலையே, தூக்கம் வருது லா!" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் தலையாட்டினார்! நான் கோப்பைகளோடு கதவோரம் நின்றேன். தட்டு மாமாவின் துணிப்பைக்குள் போய்விட்டது.

அவர்கள் போனபிறகு, சாவி கொடுக்காததால்தான் குரல் இறங்கியது என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"பெரியவங்க பேசும்போது குறுக்க வராதேன்னு நீங்கதானே சொல்வீங்க."

"அது வேற. இது தோடி. அடுத்த வாரம் ராஜு வீட்டுலதான் கூடறோம். நீயே வந்து சொல்லி வாங்கிக்க."

ஐந்து ஆண்களுக்கு முன்னால் நான்! சொல்ல வேண்டியது ஒரே வரி. மாமா, அன்னிக்குச் சாவி கொடுக்கல. இப்போது சுவரைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'மாமா'வுக்கு மேல் வரவில்லை.