பம்பு ரூமுக்குப் பின்னால் இருந்த கூடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் துணி காயப்போட ஏறத்தான் செய்கிறாள், நீயாவது சொல். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

ஏரிச் சரணாலயத்தில் பம்பு ரூமுக்குப் பின்னால், கோரைப்புல்லுக்குள் மயிலுள்ளான் முட்டையிட்டிருக்கிறது என்று உன்னிடம் சொல்லிப் படமும் அனுப்பினேன் அல்லவா. பெண் முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும், ஆண்தான் அடைகாக்கும் என்றதற்கு, நல்ல பறவைப்பா என்று சிரித்தாய். அந்தக் கூடு எனக்கும், நீ கொக்கு மாமா என்று கூப்பிடுகிற கண்ணாடிக் கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும். கூடு இருக்கும் இடத்தைப் பற்றி யாரிடமும் வாயைத் திறப்பதில்லை, பறவை பார்க்கப் போகிற எங்களுக்கு அது ஒன்றுதான் சட்டம். உன்னிடம் சொன்னதை அவரிடம்கூட நான் சொல்லவில்லை. பெற்ற மகளிடம் சொல்வது எப்படி வெளியே சொன்னதாகும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பறவைச் சங்கத்து ஆட்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போனோம். பம்பு ரூம் பக்கம் ஒரே கூட்டம், ஆளுக்கொரு பெரிய கேமரா. படம் தெளிவாக விழ வேண்டும் என்று எவனோ முன்னாலிருந்த கோரையை ஒடித்துப்போட்டிருந்தான். மறைப்பு போனதும் காக்கை பார்த்துவிட்டது. கூட்டில் முட்டை ஓடுதான் கிடந்தது. ஆண் பறவை சேற்றில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் கொக்கு மாமாவைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் மெச்ச வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டீர்களா, வாயை அடக்கத் தெரியாதா என்று என்னென்னவோ கேட்டேன். கேமராக்காரன் ஒருவன் என் முகத்தையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நீட்டினான். "சார், இவங்க உங்க பொண்ணுதானே? இதப் பாத்துட்டுத்தான் வந்தோம்."

இணையத்தில் நீ போட்டிருந்தது நான் அனுப்பிய அதே படம், பக்கத்தில் தொப்பியோடு என் போட்டோ, கீழே பம்பு ரூம் வரைக்கும் வழி சொல்லி நீ எழுதியிருந்தாய், என் அப்பா கண்டுபிடித்தது என்று. அதைப் படித்ததும் ஒரு நொடி மனசு குளிர்ந்தது பார், அந்த ஒரு நொடிக்காக என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. கொக்கு மாமா மெதுவாக, "பொண்ணுகிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். திரும்பும்போது வேனில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெருமையில்தான் போட்டாய், தெரியும். குழந்தை ஆசையாகப் போட்டது, இதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்கிறாள் அம்மா. போடட்டுமா அப்பா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதான் நீ கேட்கவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம்பி ஏமாந்தேன், அதுவும் உன்னிடம்.

கொக்கு மாமாவுக்கு நீயே போன் செய்து பேசு, நான் கூப்பிட்டால் அவர் எடுப்பதில்லை. அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. இருவரும் நீண்ட ஆயுசோடு, ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். எப்போதும்போல வாராவாரம் பேசுவோம், வீடு, மழை, அக்கம்பக்கம் எல்லாம் சொல்வேன். ஏரியில் என்ன பார்த்தேன் என்று இனி உன்னிடம் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா