சைக்கிள் டேப்

மார்ச் 3

அண்ணனுக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். அம்மா படுக்கையில் கிடந்ததை அவள் சாகும்வரை எனக்குச் சொல்லாமல் மறைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. இது வேறு விஷயம்.

நான் சைக்கிள் பழகிய வீடியோ டேப் உங்களிடம்தான் இருக்கும். அம்மா வாய்திறந்து பேசுவது அதில் மட்டும்தான். மற்றதிலெல்லாம் கேமராவைக் கண்டால் ஓடிவிடுவாள். அதைக் கணினியில் ஏற்றி அனுப்ப முடியுமா? கடையில் கொடுத்தால் யானை விலையாம். என் மகள் பாட்டி குரலைக் கேட்டதே இல்லை.

தங்கை


மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, எழுதினாயே.

பழைய சாமான் கடையில் வீடியோ டேப் ஓட்டுகிற டெக் ஒன்று கிடைத்தது. பென்சிலால் தள்ளினால்தான் டேப் உள்ளே போகும். கணினியோடு இணைக்க மலிவாக ஒரு ஒயர். நாற்பது நிமிட டேப் ஏற நாற்பது நிமிடம் ஆகிறது, அவசரப்படுத்த முடியாது. கூடவே உட்கார்ந்திருந்தேன். டிவி சத்தத்தை மட்டும் அடியோடு குறைத்துவிட்டேன். அம்மா குரலைக் கேட்கிற தெம்பு எனக்கில்லை.

திரும்ப எடுக்கும்போது டெக் டேப்பைக் கடித்துக் குதறிவிட்டது. கவலைப்படாதே, அதற்குள் முழுசும் ஏறிவிட்டது. நான் போட்டுப் பார்க்கவில்லை. பென் டிரைவ் இத்துடன்.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

படம் தெளிவாக இருக்கிறது. அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுகிறாள். வாய் அசைகிறது. அவள் குரல் இல்லை.

கணினி டேப்பின் சத்தத்தை எடுக்கவில்லை. கணினியின் மைக் உன் அறைச் சத்தத்தை எடுத்திருக்கிறது. நாற்காலி கிரீச்சிட்டது. நீ இருமினாய். "ஏம்மா இப்படி ஓடுற, மூச்சு வாங்கப்போகுது" என்று சிரித்தாய். அப்புறம்:

"அவளுக்குப் பிள்ளை பிறக்கட்டும், அதுவரைக்கும் சொல்லாதேன்னு நீதானே சத்தியம் வாங்கின? வாங்கிட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. நான் சொல்லியிருக்கணும்மா."

உன்னை எத்தனை பேரிடம் கரித்துக் கொட்டியிருக்கிறேன். ஒருவரிடம்கூட 'அம்மாதான் சொன்னாள்' என்று நீ சொல்லவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

"பாட்டி குரல் ஏன் ஆம்பளை மாதிரி இருக்கு?" என்றாள் மகள்.

"அது உன் மாமாடி" என்றேன்.

அவள் உன் குரலையும் கேட்டதில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

உன் தங்கை